கேபிள் கனெக்‌ஷன் விற்று கோடீஸ்வரர்... 84 வயதில் பேப்பர் முதலாளி! யார் இந்த ஜெர்ரி லென்ஃபெஸ்ட்?

2014 மே 27. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஏலம். ஏலத்துக்கு வந்தது வீடோ நிலமோ இல்லை, 1829-ல் தொடங்கப்பட்ட 'ஃபிலடெல்ஃபியா இன்க்வயரர்' என்ற நாளிதழ். கூடவே 'டெய்லி நியூஸ்' என்ற இன்னொரு பேப்பரும் ஒரு வெப்சைட்டும். இரண்டு தரப்பும் மாறி மாறி விலையை ஏற்றிக்கொண்டே போக, கடைசியில் 8 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஏலம் முடிந்தது. ஜெயித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் லூயிஸ் காட்ஸ். இன்னொருவர் ஜெர்ரி லென்ஃபெஸ்ட்.

இரண்டு நாள் கழித்து, மே 29-ல், லென்ஃபெஸ்ட்டுக்கு 84 வயது நிறைந்தது.

அதற்கும் இரண்டு நாள் கழித்து, மே 31 இரவு, மாசசூசெட்ஸில் காட்ஸ் போன தனி விமானம் புறப்படும்போதே விபத்தில் சிக்கி எரிந்தது. விமானத்தில் இருந்த ஏழு பேரும் இறந்துபோனார்கள். காட்ஸின் மகன் அப்பாவின் பங்கை லென்ஃபெஸ்ட்டுக்கே கொடுத்துவிட, 84 வயதில் ஒரு பெரிய நகரத்தின் இரண்டு பேப்பர்களுக்கும் தன்னந்தனி முதலாளி ஆனார் அவர்.

பேப்பர் தொழில் தேய்ந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த வயதில் யாராக இருந்தாலும் "எனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?" என்றுதான் கேட்டிருப்பார்கள். அவர் என்ன செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள, அவருக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வந்தது கேபிள் டி.வி-யிலிருந்து.

யார் இவர்?

முழுப்பெயர் ஹெரால்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் லென்ஃபெஸ்ட். எல்லோருக்கும் ஜெர்ரி. 1930-ல் ஃப்ளோரிடா மாகாணத்தின் ஜாக்சன்வில்லில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தார், கூடப் பிறந்தது ஒரு தங்கை. வளர்ந்தது நியூயார்க் பக்கமும் நியூஜெர்சியிலும். 13 வயதில் அம்மா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு பையன் படிப்பில் ஒட்டவில்லை. பென்சில்வேனியாவில் இருக்கும் மெர்சர்ஸ்பர்க் அகாடமி என்ற விடுதிப் பள்ளிதான் தன்னை நேர்வழிக்குக் கொண்டுவந்தது என்று பிற்காலத்தில் அவரே நன்றியோடு நினைவுகூர்ந்ததுண்டு. (பிறகு அந்தப் பள்ளிக்குக் கோடிக்கணக்கில் கொடுத்தார். அது தனிக்கதை.)

அடுத்து வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகம், கடற்படை, அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப்படிப்பு. 1958-ல் பட்டம் வாங்கி நியூயார்க்கின் பெரிய வக்கீல் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். இடையில் 1955-ல் கல்யாணம். மனைவி மார்கரீட், ஆரம்பப் பள்ளி ஆசிரியை.

இதுவரை எல்லாம் சாதாரண வக்கீல் வாழ்க்கைதான். 1965-ல் வேலை மாறுகிறார். போய்ச் சேர்ந்த இடம் டிரையாங்கிள் பப்ளிகேஷன்ஸ். அதன் முதலாளி வால்டர் அன்னென்பெர்க்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'டி.வி கைட்', 'செவன்டீன்' பத்திரிகைகள், டி.வி, ரேடியோ நிலையங்கள் என அன்னென்பெர்க் கையில் இல்லாத மீடியா இல்லை. 'ஃபிலடெல்ஃபியா இன்க்வயரர்' பேப்பரும் அப்போது அவருடையதுதான். ஆமாம், 2014-ல் ஏலத்துக்கு வந்த அதே பேப்பர். 1969-ல் அதையும் 'டெய்லி நியூஸ்' பேப்பரையும் சேர்த்து 5 கோடியே 50 லட்சம் டாலருக்கு அன்னென்பெர்க் விற்றுவிட்டார். தன் சம்பள முதலாளி விற்ற பேப்பரை 45 வருடம் கழித்து அந்த ஆபீஸில் வேலை பார்த்த வக்கீலே வாங்கப் போகிறார் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

7,600 கனெக்‌ஷன்... 23 லட்சம் டாலர்

1970-ல் லென்ஃபெஸ்ட்டுக்குப் பெரிய பொறுப்பு வந்தது. 'செவன்டீன்' பத்திரிகையும் கம்பெனியின் கேபிள் டி.வி பிரிவும் அவர் கைக்கு வந்தன. அந்தக் கம்பெனியில் கேபிள் அப்போது ஓரமாக உட்கார்ந்திருந்த தொழில். நான்கு வருடத்தில் அன்னென்பெர்க் அதைக் கைகழுவ முடிவெடுத்தபோது, "நானே வாங்கிக்கிறேன்" என்று முன்வந்தவர் லென்ஃபெஸ்ட்.

அவரிடம் அவ்வளவு பணம் இல்லை. இரண்டு முதலீட்டாளர்களைச் சேர்த்துக்கொண்டார், மீதிக்குக் கடன். 1974-ல் லென்ஃபெஸ்ட் கம்யூனிகேஷன்ஸ் பிறந்தது. சபர்பன் கேபிள், லெபனான் வேலி கேபிள் என்ற இரண்டு சின்ன நிறுவனங்கள் கைக்கு வந்தன. மொத்த வாடிக்கையாளர்கள் 7,600 பேர். விலை 23 லட்சம் டாலர். கணக்குப் போட்டால் ஒரு கனெக்‌ஷன் சுமார் 300 டாலர்.

(லெபனான் என்றதும் மேற்காசிய நாடு என்று குழம்ப வேண்டாம். இது பென்சில்வேனியாவில் இருக்கும் ஊர்.)

அந்த நேரத்தில் கேபிள் என்றால் என்ன என்பதைப் பார்த்தால்தான் இதில் இருந்த ரிஸ்க் புரியும்.

அமெரிக்காவில் கேபிள் டி.வி பிறந்ததே மலைகளால்தான். 1940-களின் கடைசியில் டி.வி பெட்டி வாங்கியவர்கள் பலருக்குப் படமே வரவில்லை, மலை மறைத்தது. அதனால் மலை உச்சியில் பெரிய ஆன்டெனா நட்டு, அங்கிருந்து வயர் இழுத்து வீடு வீடாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பென்சில்வேனியாவின் மஹனாய் சிட்டியில் ஜான் வால்சன் என்ற கடைக்காரர் 1948-ல் இதைச் செய்தார் என்பார்கள். டி.வி பெட்டி விற்பதுதான் அவர் தொழில், படம் தெரியாவிட்டால் பெட்டி யார் வாங்குவார்கள்? முதல் ஆள் அவர்தானா, ஆரிகனில் வயர் இழுத்த இன்னொருவரா என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை.

ஆக 1974-ல் கேபிள் என்பது கிராமத்துக்கும் மலையோர ஊருக்கும் 'படம் தெளிவாகத் தெரிய' ஒரு வழி, அவ்வளவுதான். ஆன்டெனாவில் இலவசமாகவே படம் வரும் பெரிய நகரத்துக்காரன் எதற்கு மாதாமாதம் காசு கொடுப்பான்? இந்தக் கேள்விக்கு அப்போது யாரிடமும் சரியான பதில் இல்லை.

பதில் வானத்திலிருந்து வந்தது

நிஜமாகவே வானத்திலிருந்துதான். 1975-ல் ஹெச்.பி.ஓ தன் நிகழ்ச்சிகளை செயற்கைக்கோள் வழியாக நாடு முழுக்க அனுப்பத் தொடங்கியது. மணிலாவில் நடந்த முகமது அலி - ஜோ ஃப்ரேசியர் குத்துச்சண்டைதான் ஓப்பனிங். அடுத்த வருடமே டெட் டர்னர் தன் அட்லாண்டா நிலையத்தை செயற்கைக்கோளில் ஏற்றினார். 1979-ல் இ.எஸ்.பி.என், 1980 ஜூன் 1-ல் சி.என்.என். ஆன்டெனாவில் கிடைக்காத சேனல்கள் கேபிளில் மட்டும் கிடைக்க ஆரம்பித்தன. மலை இல்லாத ஊர்க்காரர்களும் கேபிள் கேட்டார்கள்.

லென்ஃபெஸ்ட் வாங்கியது இதற்கெல்லாம் ஒரு வருடம் முன்னால். அதிர்ஷ்டமா, கணிப்பா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்று சொல்வதுதான் நியாயம். ஏனென்றால் அதே வருடங்களில் கேபிள் வைத்திருந்த நிறைய சின்ன முதலாளிகள் நல்ல விலை வந்ததும் விற்றுவிட்டுப் போனார்கள். இவர் விற்கவில்லை, பக்கத்து ஊர், அதற்கு அடுத்த ஊர் என்று வாங்கிக்கொண்டே போனார்.

கேபிள் தொழிலின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. வயர் இழுக்கும்போது பெரிய செலவு. இழுத்துவிட்டால் மாதாமாதம் சந்தா தவறாமல் வரும். அந்த நிச்சயமான வருமானத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்கலாம், அந்தக் கடனில் அடுத்த ஊரை வாங்கலாம். வயருக்கும் கருவிகளுக்கும் தேய்மானக் கணக்கு எழுதுவதால் கணக்கில் லாபம் குறைவாகத் தெரியும், வரியும் குறையும். கணக்கில் நஷ்டம், கையில் பணம். அமெரிக்க கேபிள் முதலாளிகள் எல்லோரும் வளர்ந்தது இந்த வழியில்தான். இதில் பெரிய கை டி.சி.ஐ என்ற நிறுவனம், தலைவர் ஜான் மலோன். லென்ஃபெஸ்ட் கம்பெனியின் பாதிப் பங்கு பின்னாளில் அந்த டி.சி.ஐ கைக்கே போனது. மீதிப் பாதி லென்ஃபெஸ்ட், அவருடைய மூன்று பிள்ளைகள் கையில்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் கதை ஒருதலையாகிவிடும். பெரும்பாலான ஊர்களில் ஒரே ஒரு கேபிள் கம்பெனிதான். உள்ளாட்சி உரிமம் ஒருவருக்கு, வயர் ஒருவருடையது, விலையும் அவர் சொன்னதுதான். 1984-ல் வந்த சட்டம் விலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் நாடு முழுக்க கேபிள் கட்டணம் எகிறியது. மக்கள் கூச்சலில் 1992-ல் நாடாளுமன்றம் மறுபடி கடிவாளம் போட்டது. பின்னாளில் லென்ஃபெஸ்ட் அள்ளிக் கொடுத்த பணத்தின் ஊற்று, பென்சில்வேனியா குடும்பங்கள் மாதாமாதம் முணுமுணுத்துக்கொண்டே கட்டிய அந்த கேபிள் பில்தான்.

அவர் தொட்டதெல்லாம் பொன்னாகவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் கட்டண டி.வி நிறுவனமான ஆஸ்ட்ராலிஸில் முதலீடு செய்தார், 1998-ல் அந்த நிறுவனம் மூழ்கியே போனது.

ஏன் விற்றார்?

1990-களின் முடிவில் லென்ஃபெஸ்ட்டிடம் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள். வரைபடத்தில் பார்த்தால் ஃபிலடெல்ஃபியாவைச் சுற்றிலும் அவருடைய வயர்தான். அதே ஃபிலடெல்ஃபியாவில்தான் காம்காஸ்ட் என்ற கம்பெனியும் இருந்தது. 1963-ல் மிசிசிப்பியில் 1,200 சந்தாதாரர்களோடு தொடங்கி, வேகமாக வளர்ந்துகொண்டிருந்த கம்பெனி அது. சொந்த ஊரைச் சுற்றி இன்னொருவன் வேலி போட்ட மாதிரி இருந்தால் யாருக்குத்தான் உறுத்தாது?

இன்னொரு பக்கம் டி.சி.ஐ-யை 1999-ல் ஏ.டி அண்ட் டி விழுங்கியது. அதாவது லென்ஃபெஸ்ட்டின் பார்ட்னர் மாறிவிட்டார். டிஜிட்டல் சேனல், கேபிள் வழி இன்டர்நெட் என்று புதுச் செலவுகள் வரிசையாக நின்றன. தனி முதலாளிகள் ஒவ்வொருவராக விற்றுக்கொண்டிருந்த காலம்.

1999 நவம்பரில் காம்காஸ்ட்டோடு ஒப்பந்தம், 2000 ஜனவரியில் கைமாற்றம். கடன் பொறுப்பையும் சேர்த்து மதிப்பு ஏறத்தாழ 700 கோடி டாலர்.

ஒரு கனெக்‌ஷனுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 5,000 டாலருக்கும் மேல். 1974-ல் 300. இந்த 26 வருடத்தில் அமெரிக்க விலைவாசி ஏறியது சுமார் மூன்றரை மடங்குதான்.

இதில் பாதி ஏ.டி அண்ட் டி-க்கு. குடும்பத்தின் பாதியில் பிள்ளைகளுக்கும் பங்கு. ஜெர்ரி - மார்கரீட் தம்பதிக்கு வந்தது சுமார் 120 கோடி டாலர் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்போது அவருக்கு வயது 69.

120 கோடி வந்தது... 130 கோடி போனது!

எழுத்துப்பிழை இல்லை. வந்ததைவிட அதிகம் கொடுத்தார். விற்ற பணம் முதலீட்டில் வளர்ந்ததால் இது சாத்தியமானது. 2018-ல் இறக்கும்போது அவர் வழங்கியிருந்த மொத்த நன்கொடை 130 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

பெரிய பணக்காரர்கள் வழக்கமாக ஒரு ஃபவுண்டேஷன் வைப்பார்கள். அசல் அப்படியே இருக்கும், வருமானத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள், பெயர் நூறு வருடம் நிற்கும். லென்ஃபெஸ்ட் தம்பதி பெரும்பகுதியைத் தாங்கள் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். பில் கேட்ஸ், வாரன் பஃபெட் தொடங்கிய 'கிவிங் பிளெட்ஜ்' உறுதிமொழியிலும் கையெழுத்திட்டார்கள்.

அவர்கள் வாழ்க்கை எப்படி இருந்தது? 1960-களில் வாங்கிய புறநகர் வீட்டிலேயே கோடீஸ்வரர் ஆன பிறகும் பல வருடம் இருந்தார்கள். ஒருமுறை செஸ்டர் கவுன்ட்டியில் 500 ஏக்கருக்கும் மேல் நிலம் வாங்கி பெரிய வீடு கட்டும் யோசனை வந்தது. பிறகு மனதை மாற்றிக்கொண்டு நிலத்தை அப்படியே இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்று அது 'செஸ்லென்' என்ற காப்பு நிலம். செஸ்டரில் பாதி, லென்ஃபெஸ்ட்டில் பாதி சேர்த்து வைத்த பெயர். யார் வேண்டுமானாலும் போய் நடந்துவிட்டு வரலாம்.

படித்த கொலம்பியாவுக்கு மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் போனது. வாஷிங்டன் அண்ட் லீ-க்கு 2007-ல் 3 கோடியே 30 லட்சம். கட்டடத்துக்கு இல்லை, பேராசிரியர்களின் சம்பளத்துக்கு! கட்டடம் என்றால் கல்வெட்டில் பெயர் வரும், சம்பளத்துக்குக் கொடுத்தால் என்ன தெரியும்? அதையும் செய்தார். ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி, மாணவர்களிடம் கட்டணமே வாங்காத இடம். அதற்கு விடுதியும் பயிற்சி அறைகளும் கொண்ட புதுக் கட்டடம் 2011-ல் வந்தது அவர் கொடுத்த 3 கோடியில். பென்சில்வேனியாவின் கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்ப ஸ்காலர்ஷிப் திட்டம். கடல் ஆராய்ச்சிக்கு ஒரு திட்டம்.

கொடுப்பதிலும் ஒரு வியாபாரி மூளை இருந்தது. 'நீங்கள் இவ்வளவு திரட்டினால் நான் இவ்வளவு தருகிறேன்' என்று நிபந்தனை வைப்பார். இதற்கு 'மேட்சிங் கிராண்ட்' என்று பெயர். ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகம் பல வருடம் பேச்சளவிலேயே கிடந்தது. அதன் தலைவராகப் பொறுப்பேற்று, இப்படி நிபந்தனை வைத்து வைத்தே மற்றவர்கள் பையிலிருந்தும் பணத்தை வரவைத்தார். அவர் பங்கு மட்டும் 5 கோடி டாலருக்கும் மேல். 2017 ஏப்ரலில் கதவு திறந்தது.

எல்லாம் கைகூடியதா என்றால், இல்லை. 'எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற கப்பல் 1952-ல் தன் முதல் பயணத்திலேயே அட்லான்டிக்கைக் கடக்கும் வேக சாதனையை முறியடித்தது. 1996 முதல் ஃபிலடெல்ஃபியா துறையில் துருப்பிடித்துக்கொண்டு நின்றது. காயலான் கடைக்குப் போகவிருந்த நேரத்தில், கப்பலைக் காக்கப் போராடிய அமைப்புக்கு 58 லட்சம் டாலர் தருவதாக லென்ஃபெஸ்ட் 2010-ல் அறிவித்தார். பழைய கடற்படைக்காரர் ஆச்சே! கப்பல் தப்பியது, ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவே இல்லை. 2025 பிப்ரவரியில் அதை இழுத்துக்கொண்டு போனார்கள், ஃப்ளோரிடா பக்கம் கடலில் மூழ்கடித்து செயற்கைப் பவளத்திட்டாக ஆக்க.

கைதட்டலும் கல்லடியும்

பெரிய நன்கொடையாளர்கள் மீது எப்போதும் எழும் கேள்வி இவர் மீதும் எழுந்தது. பணம் கொடுப்பவர் முடிவும் எடுக்கலாமா?

உதாரணம் பார்ன்ஸ் விவகாரம். ஆல்பர்ட் பார்ன்ஸ் என்ற மருந்துத் தயாரிப்பாளர் ரெனுவா, செசான், மாட்டிஸ் போன்றோரின் ஓவியங்களை அள்ளி அள்ளி வாங்கி, ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே மெரியனில் ஒரு கட்டடத்தில் வைத்திருந்தார். வைத்தது வைத்தபடியே இருக்க வேண்டும், நகர்த்தக் கூடாது என்பது அவர் எழுதிவைத்த விதி. 1951-ல் அவர் காலமானார். 1990-களில் அந்த அமைப்பே பணமில்லாமல் தத்தளித்தது. பியூ, அன்னென்பெர்க், லென்ஃபெஸ்ட் ஆகிய மூன்று ஃபவுண்டேஷன்கள் உதவ முன்வந்தன, ஆனால் ஓவியங்கள் நகருக்குள் வர வேண்டும் என்பது ஏற்பாடு. 2004-ல் நீதிமன்றம் அனுமதித்தது, 2012-ல் புதுக் கட்டடம் திறந்தது.

செத்தவரின் உயிலை மிதித்துவிட்டார்கள் என்றது ஒரு தரப்பு. இது கலைக் கொள்ளை என்று ஆவணப்படமே எடுத்தார்கள். இல்லாவிட்டால் அந்த அமைப்பே திவாலாகியிருக்கும், இப்போது லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்களே என்றது இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. உயிலின் வரி தெளிவாகவே இருந்தது என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

அன்னென்பெர்க் என்ற பெயர் மறுபடி வந்ததைக் கவனித்தீர்களா? ஃபிலடெல்ஃபியாவில் எந்தப் பெரிய விஷயத்தைத் தொட்டாலும் சுற்றிச்சுற்றி இதே சில பெயர்கள்தான் வரும்.

பேப்பரை ஏன் வாங்கினார்? ஏன் கொடுத்தார்?

'இன்க்வயரர்' பட்ட பாட்டைப் பாருங்கள். 2006-ல் உள்ளூர் முதலீட்டாளர்கள் ஐம்பது கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். 2009-ல் திவால். 2010-ல் கடன் கொடுத்தவர்களே எடுத்துக்கொண்டார்கள். 2012-ல் மறுபடி விற்பனை, இந்த முறை வெறும் 5.5 கோடி. 1969-ல் அன்னென்பெர்க்குக்குக் கிடைத்த அதே 5.5 கோடி! 43 வருட விலைவாசி உயர்வுக்குப் பிறகும் அதே எண். அமெரிக்கப் பேப்பர் தொழிலுக்கு என்ன ஆனது என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

2012-ல் வாங்கிய குழுவில் லென்ஃபெஸ்ட்டும் ஒருவர். காட்ஸ் இன்னொருவர். மூன்றாவது முக்கியப் புள்ளி ஜார்ஜ் நார்கிராஸ், நியூஜெர்சி ஜனநாயகக் கட்சியில் பெரிய செல்வாக்குள்ளவர். அரசியல் புள்ளி பேப்பர் முதலாளியானால் என்ன நடக்கும்? அந்தக் கேள்வி எழுந்தது, ஒரு வருடத்திலேயே முதலாளிகளுக்குள் சண்டையும் வெடித்தது. 2013 அக்டோபரில் ஆசிரியர் பில் மாரிமோவை பதிப்பாளர் வேலையைவிட்டு நீக்க, காட்ஸும் லென்ஃபெஸ்ட்டும் கோர்ட்டுக்குப் போனார்கள். மாரிமோ திரும்பி வந்தார். ஆனால் சேர்ந்து வாழ முடியாது என்று ஆனதும்தான் அந்த ஏலம். முதலாளிகள் ஒருவரை ஒருவர் வெளியேற்ற, தங்கள் பேப்பரையே தாங்களே ஏலம் எடுத்த விசித்திரம்!

லென்ஃபெஸ்ட் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு நடத்தலாம். ஆனால் அவருக்குப் பிறகு? பிள்ளைகள் விற்கலாம். வாங்குபவர் ஆட்களைக் குறைத்து, கட்டடத்தை விற்று, மிச்சத்தை உறிஞ்சலாம். அமெரிக்காவில் எத்தனையோ ஊர்ப் பேப்பர்களுக்கு முதலீட்டு நிறுவனங்களால் நடந்தது இதுதான்.

2016 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. பேப்பர் கம்பெனி முழுவதையும் லாப நோக்கமற்ற ஒரு அமைப்புக்கு தானமாகக் கொடுத்துவிட்டார். கூடவே 2 கோடி டாலர் வைப்புநிதி. அடுத்த வருடம் இன்னொரு 4 கோடி. அந்த அமைப்புதான் இன்று 'லென்ஃபெஸ்ட் இன்ஸ்டிடியூட்'.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பேப்பரே அறக்கட்டளை ஆகிவிடவில்லை. அமெரிக்கச் சட்டப்படி அறக்கட்டளை தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. அதனால் பேப்பர் வரி கட்டும் கம்பெனியாகவே தொடர்கிறது, 'பொது நலன் கம்பெனி' என்ற வகையில். அதன் உரிமையாளர் மட்டும் அறக்கட்டளை. லாபம் வந்தால் யார் பாக்கெட்டுக்கும் போகாது. பொதுமக்கள் இன்ஸ்டிடியூட்டுக்கு நன்கொடை தரலாம், அந்தப் பணம் புலனாய்வுச் செய்திகளுக்கு மானியமாக வரலாம். 'இதை எழுது, இதை எழுதாதே' என்று சொல்லும் அதிகாரம் கொடுப்பவருக்குக் கிடையாது. ஆசிரியர் குழு வேட்பாளர்களை ஆதரித்துத் தலையங்கம் எழுதுவது இன்றும் தொடர்கிறது.

முற்றிலும் புதிய யோசனையா? இல்லை. ஃப்ளோரிடாவின் 'டாம்பா பே டைம்ஸ்' 1978-லிருந்தே ஒரு இதழியல் பள்ளியின் சொத்து. ஆனால் இன்க்வயரர் அளவுக்குப் பெரிய நகரப் பேப்பர் இப்படிப் போனது மற்றவர்களை யோசிக்கவைத்தது. 2019-ல் 'சால்ட் லேக் டிரிபியூன்' ஒரு படி மேலே போய் பேப்பரையே அறக்கட்டளை ஆக்கியது. 2022-ல் 'சிகாகோ சன்-டைம்ஸ்' ஒரு பொது வானொலியின் கைக்குப் போனது.

அப்புறம் என்ன ஆச்சு?

ஜெர்ரி லென்ஃபெஸ்ட் 2018 ஆகஸ்ட் 5-ல் காலமானார். வயது 88.

பேப்பர் பிழைத்ததா? வெளிவந்துகொண்டிருக்கிறது. ஆனால் அறக்கட்டளை கையில் இருப்பதால் கஷ்டம் வராமல் இல்லை. 2020-ல் சொந்த அச்சகத்தை மூடுவதாக அறிவித்தார்கள், சுமார் 500 பேர் வேலை இழக்கும் நிலை. செய்திப் பிரிவிலும் பலர் விருப்ப ஓய்வில் வெளியேற வேண்டியிருந்தது. அச்சுப் பிரதி தேய, டிஜிட்டல் சந்தாவை நம்பித்தான் வண்டி ஓடுகிறது. அதாவது மாதாமாதம் சந்தா. 1974-ல் 7,600 வீடுகளிடமிருந்து லென்ஃபெஸ்ட் வசூலிக்க ஆரம்பித்த அதே மாதிரி.